வாசல் திரையில் ஓடிய எண்

எங்கள் கல்லூரி முகப்பில், முதல்வர் அறைக்குப் போகும் வழியில், ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். ஆசிரியர்களின் படமும் படத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் அதில் ஓடும். எண்ணுக்கு 'இணைய வீச்சு' என்று பெயர். எங்கள் ஆய்வு உலகத்தை எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதை அது காட்டுமாம். முதல் நாள் போய்ப் பார்த்தபோது எல்லாருக்கும் மேலே உடற்கல்வி ஆசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆய்வு என்று அவர் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. பாவம், செய்ததாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் மாவட்டத்தில் எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும் நடுவர் அவர்தான். போட்டி நடத்துகிற மன்றங்கள் எல்லாம் தங்கள் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு, கல்லூரிப் பக்கத்துக்கு ஒரு இணைப்பும் கொடுத்திருந்தன. நான் எங்கே என்று தேடினேன். திரை உருண்டு உருண்டு, எனக்குக் கால் வலிக்க ஆரம்பித்த பிறகு என் முகம் வந்தது. அடையாள அட்டைக்காக எடுத்த படம். எண்ணும் அந்த முகத்துக்கு ஏற்றதாகத்தான் இருந்தது.

நான் விலங்கியல் ஆசிரியை. சாளை மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு வாழும் பேன் மாதிரியான ஒரு பூச்சியைப் பற்றி, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆராய்ந்து வருகிறேன். கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எனக்கு அந்தப் பூச்சியைப் பிடிக்கும். தனக்கு இடம் கொடுத்த மீனை அது கொல்வதில்லை, தேவைக்கு மேல் தின்பதில்லை, தன்னைப் பற்றி யாரிடமும் பேசிக்கொள்வதும் இல்லை. கல்லூரிப் பணியாளர் அறையில் இந்த மூன்று குணமும் உள்ள ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்த வருடம் எனக்கு அந்த எண் வேண்டியிருந்தது. அறிவியல் துறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேராசிரியர் பதவி ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. ஓய்வு பெறுவதற்குள் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எனக்குப் போட்டி தாவரவியல் துறைக்காரர். அவரும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் கீழாநெல்லிக்காரர். கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும், கீழாநெல்லியும் சர்க்கரை நோயும், கீழாநெல்லியும் மன அழுத்தமும் என்று ஒவ்வொரு நோயாக எடுத்து எழுதிக்கொண்டே போனார். நோய்கள் தீரவில்லை, கட்டுரைகளும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அப்பாவைப் பார்க்கப் போவேன். தேங்காய்ப்பட்டணத்துக்கு அடுத்த ஒரு கடற்கரை ஊரில் தம்பி வீட்டில் இருந்தார். துறைமுகத்தில் மீன் ஏலம் விளிக்கிறவராக இருந்தவர். கரைக்கு வந்த கூடையைப் பார்த்து விலையைச் சொல்லி, கூட்டத்தை உசுப்பிவிட்டு, கடைசி விளி யாருடையது என்று முடிவு சொல்வதுதான் வேலை. அந்தக் குரலைக் கேட்காத ஆள் அந்தக் கரையில் கிடையாது. வேலையை விட்ட பிறகும் குரல் மட்டும் இறங்கவில்லை. வீட்டில் தண்ணீர் கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு கட்டுரையை இன்னொருவர் தம் கட்டுரையில் எடுத்துச் சொல்வதுதான் மேற்கோள் என்றும், அதை எண்ணித்தான் எங்களுக்கு மதிப்புப் போடுகிறார்கள் என்றும் திரை வருவதற்கு முன்பு ஒருமுறை அவரிடம் விளக்கினேன். உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்போ அது விளியாக்கும். நீ கூடைய வச்சிருக்க. ஆராவது விளிக்கணும். அதானே?"

"அதேதான் அப்பா."

"சாளைக்க செவுள்ல கெடக்க பேன எவன் விளிப்பான் மோளே? நெய்மீனுக்க செவுள்ல வல்லதும் கெடந்துதுன்னா அத எழுதப்பிடாதா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வரும். "உனக்க பேனுக்கு இந்த வாரம் வல்ல விளியும் உண்டுமா?" பெரும்பாலும் இல்லை என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு, "நிக்கட்டு. கூட்டம் வரும்" என்பார்.

விளி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பிரேசிலில் ஒருவர் என்னை மேற்கோள் காட்டியிருந்தார், அந்தப் பூச்சி அவர்கள் கடலில் இல்லை என்று சொல்வதற்காக. இன்னொருவர் இறால் பண்ணைத் தீவனத்தைப் பற்றி எழுதி, நான் எங்கேயும் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாகச் சொல்லியிருந்தார். இரண்டுமே கணக்கில் சேர்ந்தன. படித்தாரா, புரிந்ததா என்று எந்தக் கணக்கும் கேட்பதில்லை. பெயரைச் சொன்னாரா? சொன்னார். அவ்வளவுதான்.

திரை வருவதற்கு முன்னால் எங்கள் கல்லூரியில் மேற்கோள் வட்டம் என்று ஒன்று இருந்தது. தொடங்கி வைத்தவர் தாவரவியல்காரர். மாலையில் பழம்பொரியும் தேநீருமாக உட்கார்ந்து, யாருடைய கட்டுரையில் யாரைச் சேர்ப்பது என்று பேசி முடிப்பார்கள். எனக்கு நீ ஒன்று, உனக்கு நான் ஒன்று. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை ஆராய்ச்சிக்குக் கொண்டுவர யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் அதில் சேரவில்லை. சேராமலே பலன் கிடைத்தது. பொருளாதாரத் துறையில் ஒருவர் ரப்பர் விலையைப் பற்றி எழுதிய கட்டுரை, 'வாழ்க்கை சவால்கள் நிறைந்தது' என்று தொடங்கியது. அந்த வாக்கியத்துக்கு ஆதாரமாக என் சாளைக் கட்டுரையைக் காட்டியிருந்தார். சாளையைக் கேட்டால் அதுவும் ஒப்புக்கொள்ளும்தான்.

இந்த வட்டத்தை உடைத்தவர் கணினித் துறைத் தலைவர். நாகர்கோவில்காரர், அதிர்ந்து பேசாதவர். இணையத்தில் எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தைச் சுட்டுகிறது, அதை வைத்து எந்தப் பக்கம் பெரியது என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. நிர்வாகக் கூட்டத்தில் அவர் ஒரு படம் போட்டார். ஆளுக்கு ஒரு புள்ளி, மேற்கோளுக்கு ஒரு அம்பு. அம்புகள் அநேகமாக எல்லாம் எங்களிடமிருந்து கிளம்பி எங்களிடமே வந்து சேர்ந்தன.

கல்லூரிச் செயலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பாக்க நல்லாத்தான் இருக்கு. வெளியில இருந்து ஒண்ணும் வரல்லியே?"

தாவரவியல்காரர் பழம்பொரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அதற்கு மாற்றாகத்தான் இணைய வீச்சு வந்தது. கட்டுரைக்கு மேற்கோள் வர வருடக் கணக்காகும். ஆனால் சமுதாயம் நம்மை மதிக்கிறதா என்பது இணைப்புகளில் உடனே தெரியும் என்றார் கணினித் துறைத் தலைவர். கல்லூரித் தளத்தில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. மாவட்டத்தைச் சேர்ந்த தளங்களை எல்லாம் துழாவி, அந்தப் பக்கங்களுக்கு வெளியிலிருந்து யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு நிரலி எழுதினார். எத்தனை பேர் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் போதாதாம். கொடுக்கிறவர் எவ்வளவு பெரியவர் என்றும் பார்க்க வேண்டுமாம். பலரும் தேடி வருகிற ஒரு பக்கம் தன்னுடைய மதிப்பை, தான் கைகாட்டுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நாலு பேரைக் காட்டினால் நாலாகப் பிரியும். ஒருவரை மட்டும் காட்டினால் மொத்தமும் அவருக்கே. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. செயலரின் மைத்துனர் வளாகத்துக்குள் வந்தால் நாங்கள் எழுந்து நிற்பதும் இந்தக் கணக்கின்படிதான்.

திரை மாட்டியதும் கல்லூரியில் எல்லாரும் இணைப்புத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். வரலாற்று ஆசிரியை, சிதறால் மலைக்கோவிலைப் பற்றி ஊர் சுற்றுகிறவர்கள் எழுதும் பக்கங்கள் ஒன்றையும் விடவில்லை. பாறையில் இருக்கும் ஒவ்வொரு தீர்த்தங்கரரின் படத்துக்குக் கீழேயும் தன் பக்கத்தின் இணைப்பைப் போட்டுவிட்டு வந்தார். எல்லாம் துறந்து நிற்கிறவர்களுக்குக் கீழே முனைவர் பட்டத்தோடு ஒரு பெயர். இயற்பியல்காரரின் மச்சானுக்கு மணவாளக்குறிச்சியில் இரும்புக் கடை. கடைப் பக்கத்தில் கம்பி விலைக்கும் சிமென்ட் விலைக்கும் நடுவில் 'குவாண்டம் ஆய்வுகளுக்கு இங்கே அழுத்தவும்' என்று வந்தது. அய்யாவழிப் பதியின் திருநாள் பக்கம், பங்கு ஆலயத்தின் திருவிழாப் பக்கம், கல்யாண மண்டபத்தின் பக்கம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தமிழ்த் துறையில் ஒருவர் மட்டும், இதெல்லாம் கேவலம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி இருந்தார். அவருடைய மகள் ஏற்கெனவே இரண்டு பல் ஆஸ்பத்திரிப் பக்கங்களில் அவருக்கு இணைப்புப் போட்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அது சுலபமாக இருந்தது.

அப்போதுதான் தாவரவியல்காரரின் மாமனாருடைய தம்பி இறந்துபோனார். மறுநாளே தாவரவியல்காரரின் எண் குபீரென்று ஏறி, உடற்கல்வி ஆசிரியரை முட்டிக்கொண்டு நின்றது. கணினித் துறைத் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"நான் ஒண்ணும் செய்யல்ல மேடம், கணக்கு சொல்லுது" என்றார். "நம்ம ஜில்லாவுல ஆளுக்கு ஆளு தெறந்து பாக்க பக்கம் எதுன்னு நெனைக்கிய?"

"எது?"

"மரண அறிவிப்புப் பக்கமாக்கும்."

யோசித்துப் பார்த்தால் அதில் தவறே இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் வருவது படம். பிறகு பெயர், ஊர், அடக்கம் எத்தனை மணிக்கு, எந்தக் கல்லறைத் தோட்டம் அல்லது எந்தச் சுடுகாடு. அதன்பின் உறவுகள்: மகன் மஸ்கட், மருமகள் செவிலியர், மகள் ஆசிரியை, மருமகன் மின்வாரியம். முன்பு சுவரில் ஒட்டியதை இப்போது இணையப் பக்கத்தில் போடுகிறார்கள். சாதி சமயம் பார்க்காமல் எல்லாரும் காலையில் அதைத்தான் திறக்கிறார்கள். ஊரில் இருக்கிறவர்களைவிட வளைகுடாவில் இருக்கிறவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள். தங்கள் தெருவில் யார் போனார் என்று அங்கே இருந்துகொண்டு வேறு எப்படித் தெரிந்துகொள்வார்கள்? பார்த்தவர்கள் பகிர்கிறார்கள், ஊர்ச் சங்கங்கள் தங்கள் தளத்தில் அதற்கு இணைப்புக் கொடுக்கின்றன. அத்தனை பேர் சுட்டுகிற பக்கம் ஒருவரைச் சுட்டினால் அவர் எண் ஏறத்தானே செய்யும்? அறிவியல்படி சரி. மாமனாரின் தம்பியின் அறிவிப்பில், 'அண்ணன் மருமகன்: இணைப் பேராசிரியர், தாவரவியல்' என்று ஒரு வரி. அந்த வரியில் ஒரு இணைப்பு.

விஷயம் வெளியே தெரிந்ததும் பணியாளர் அறையின் பேச்சே மாறிவிட்டது. அதுவரை ஒருவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இன்னொருவர் கேட்டதில்லை. இப்போது எல்லாருக்கும் எல்லாருடைய பெரியப்பாவைப் பற்றியும் அக்கறை வந்துவிட்டது. "மாமாவுக்கு மூச்சுமுட்டல் எப்பிடி இருக்கு சார்?" "தேவல மேடம்." "அப்பிடியா..." என்பார்கள், கொஞ்சம் இழுத்து. இரங்கல் தெரிவிப்போர் என்று அறிவிப்பின் அடியில் வரும் பட்டியலில் இடம் பிடிக்க, முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் மாலையோடு போனார்கள். வேதியியல்காரர் ஒரு சாவு வீட்டில் அழுததைப் பார்த்து, இறந்தவரின் மனைவியே இவர் யார் என்று கேட்டாராம்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் நடித்துக் காட்டினேன். அப்போது அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, பேச்சுக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார். சிரித்ததில் இருமல் வந்து, தம்பி மனைவி வெந்நீர் கொண்டுவந்து என்னை முறைத்தாள். இருமல் அடங்கியதும் கேட்டார்.

"அப்போ நான் போனா உனக்கு எத்தன கிட்டும்?"

"சும்மா கெடங்கப்பா."

"இல்ல மோளே, செல்லு. கணக்குதானே? எத்தன கிட்டும்?"

"உங்களுக்கு என்ன, இணையத்துல பக்கமா இருக்கு? ஒண்ணும் கிட்டாது."

"ஓ" என்றார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஒரு கரை முழுக்கக் குரலால் கட்டி நிறுத்திய மனுஷரிடம், உங்களுக்கு விளி கிடையாது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

மழைக்காலம் தொடங்கியதும் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த வாரம்தான் பதவிக்கான நேர்காணல் தேதியும் அறிவித்தார்கள். தாவரவியல்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு அப்பாவைப் பார்க்க வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிக்கச் சொன்னார்.

"மூச்சுமுட்டலுக்கும் அது கேக்குமா?" என்றார் அப்பா.

"அதப் பத்தி இப்பதான் எழுதிட்டு இருக்கேன் அப்பச்சா."

அவர் போன பிறகு அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "நல்ல பயலாக்கும். விளிக்கதுக்கு முந்தியே கூடைய பாத்து வச்சிட்டுப் போறான்." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன வேடிக்கை. இரண்டு நாள் கழித்து, விடியற்காலை படகுகள் திரும்பும் நேரத்தில், போய்விட்டார்.

மரண அறிவிப்பை எழுதியவன் தம்பி. ஷார்ஜாவில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவன். அந்தப் பக்கம் நடத்துகிறவர்கள் அவனுக்குத் தெரிந்தவர்கள். அப்பா ஏலக் களத்தில் ஒரு கையைத் தூக்கி வாயைத் திறந்து நிற்கிற படத்தைத் தேடி எடுத்தான். உறவுகளை வரிசையாகப் போட்டான், இரங்கல் தெரிவிப்போர் பட்டியலை மட்டும் விட்டுவிட்டான். என் பெயருக்கு நேரே என் பட்டம், துறை, கல்லூரி எல்லாவற்றையும் எழுதி, கல்லூரித் தளத்தில் என் பக்கத்துக்கு இணைப்பும் கொடுத்திருந்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வரியில் பட்டமும் வேண்டாம் இணைப்பும் வேண்டாம், எடுத்துவிடு என்றேன்.

அவன் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், சவப்பெட்டி முன்னால் நின்று எந்த எண்ணைப் பற்றி நான் விளக்க முடியும்?

"அப்பாக்க பேருக்க பக்கத்துல உனக்க பேரு நிக்கது உனக்கு நாணக்கேடாக்கா?" என்றான். "கரையில காணுகவங்கிட்ட ஒக்க எனக்க மோளு புரபசர்னு செல்லி நடந்த மனுசனாக்கும். நீ எடுக்கச் செல்லுக."

இணைப்பு அப்படியே இருந்தது.

அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். ஏலக் களத்தை அன்று யாரும் திறக்கவில்லை. அப்பாவிடம் கூடை வைத்தவர்கள், அவரிடம் சண்டை போட்டவர்கள், அவர் விளியில் ஏமாந்தவர்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். பங்குத்தந்தை மண்ணைத் தூவினார். தம்பி தூவினான். நான் குனிந்து மண்ணை அள்ளும்போது என் கைப்பையில் தொலைபேசி ஒலித்தது. பிறகு இன்னொரு முறை. நிறுத்துவதற்காக எடுத்தேன். கல்லூரி நிரலி தானாகவே அனுப்பும் செய்தி. 'வாழ்த்துகள்! உங்கள் இணைய வீச்சு உயர்ந்துள்ளது. தொடர்ந்து சாதியுங்கள்!' கடைசியில் கைதட்டும் படம் ஒன்று.

ஒரு கையில் மண்ணோடு, அந்தக் கைதட்டலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எதிரே, குடையோடு, முதல்வர் நின்றிருந்தார். அவரும் தன் தொலைபேசியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். அது துக்கத்துக்கு ஆட்டியதா, எண்ணுக்கு ஆட்டியதா என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்கவில்லை.

அந்த அறிவிப்பு மஸ்கட்டில் ஓடியது, ஷார்ஜாவில் ஓடியது, தம்மாமில் ஓடியது. கரையில் வளர்ந்து கடல் கடந்து போனவர்கள் ஆளுக்கு ஒரு வரி எழுதிப் பகிர்ந்தார்கள். ஊர்ச் சங்கங்கள், படகுக்காரர் குழுக்கள், பள்ளித் தோழர் குழுக்கள் எல்லாம் அந்தப் பக்கத்தைச் சுட்டின. பலர் அங்கிருந்து என் பக்கத்துக்கும் வந்து, ஆய்வு பற்றிய கருத்துகளைப் பதிவு செய்யும் இடத்தில் அப்பாவைப் பற்றி எழுதினார்கள். 'உங்க அப்பாக்க விளி கேட்டுத்தான் எனக்கு கணக்கே படிஞ்சுது.' 'ஒருக்க எனக்க கூடைய குறைச்சு விளிச்சாரு, ரெண்டு வருசம் அவருகிட்ட மிண்டாம இருந்தேன், இப்பம் சங்கடமா இருக்கு.' நான் ஒவ்வொன்றையும் வாசித்தேன். அந்த இடத்தில் அதற்கு முன்னால் இருந்தது என்னுடைய சோதனைப் பதிவு மட்டும்தான்.

நேர்காணலுக்கு வெளியூரிலிருந்து ஒரு வல்லுநர் வந்திருந்தார். என் கோப்பைப் புரட்டினார். சாளையையும் பேனையும் ஒரே புரட்டில் தாண்டிவிட்டு, எண்ணிலும், அதன் கீழே இருந்த நாடுகளின் பட்டியலிலும் வந்து நின்றார்.

"வளைகுடா நாடுகளில் உங்களுக்கு இவ்வளவு வாசகர்களா? அங்குள்ள மீன்வள நிறுவனங்களோடு கூட்டு ஆய்வு ஏதாவது?"

"இல்லை. அது என் அப்பா இறந்த அறிவிப்பு" என்றேன்.

செயலர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். வல்லுநர் கண்ணாடியைக் கழற்றி, "ஆழ்ந்த இரங்கல்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இருந்தாலும், எண் எண்தானே?" என்று சொல்லி எதிரே இருந்த தாளில் ஒரு குறி போட்டார்.

பதவி எனக்குக் கிடைத்தது. ஆணையில் காரணமும் எழுதியிருந்தார்கள்: 'கடல் கடந்த நாடுகளில் ஆய்வின் குறிப்பிடத்தக்க தாக்கம்.' தாவரவியல்காரர் என் அறைக்கு வந்து கைகுலுக்கினார். "எனக்கு வருத்தமில்ல மேடம்" என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எனக்க மாமனாரும் அந்த வாரம் ஆஸ்பத்திரியிலதான் கெடந்தாரு. சுகமாயி வீட்டுக்கு வந்துட்டாரு." குரலில் இருந்த ஏமாற்றம் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் சிவந்து வெளியே போனார்.

சாயங்காலம் கணினித் துறைத் தலைவர் வந்தார். அவர் வாழ்த்தவில்லை. மடிக்கணினியைத் திறந்து பழைய மாதிரி ஒரு படத்தைக் காட்டினார். புள்ளிகளும் அம்புகளும். ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் அம்புகள் மொய்த்து, புள்ளியே தெரியவில்லை.

"இது நீங்க இல்ல மேடம்" என்றார். "இது அப்பாவுக்க அறிவிப்பு. நான் இந்தப் படத்துல கண்டதுல பெரிய புள்ளி இதாக்கும். நம்ம காலேஜு மொத்தமும் சேந்தாலும் இதுக்கு எட்டாது."

"நான் எங்கே?"

அந்தப் புள்ளியிலிருந்து வெளியே போகும் ஒரு கோட்டை விரலால் காட்டினார். தம்பிக்கு இணையத்தில் பக்கம் இல்லை. தம்பி மனைவிக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. உலகத்திலிருந்து அத்தனை அம்புகளும் அப்பாவிடம் வந்திருந்தன. அப்பாவிடமிருந்து வெளியே போனது ஒன்றே ஒன்று. அதன் முனையில் நான் இருந்தேன். ஒருவரை மட்டும் காட்டினால் மொத்தமும் அவருக்கே என்று அவர்தான் கூட்டத்தில் சொன்னார். அன்று அதைக் கேட்டு மைத்துனர் கணக்கு என்று நக்கலடித்தவள் நான். அவர் போகட்டும் என்று காத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மரண அறிவிப்புப் பக்கத்துக்கு ஓய்வு கிடையாது. புதிய படங்கள் வந்துகொண்டே இருக்கும், பழையவை கீழே போய்க்கொண்டே இருக்கும். அப்பாவும் கீழே போனார். என் எண் இறங்க ஆரம்பித்தது. பதவி கைக்கு வந்துவிட்டது, எண் இனி எங்கே போனால் எனக்கு என்ன? அப்படித்தான் நான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதுவரை ஏளனமாகக் கடந்துபோன திரையின் முன்னால் இப்போது தினமும் காலையில் நின்றேன். நேற்றைவிடக் குறைந்திருந்தால் வகுப்பில் பாடம் ஓடவில்லை. கணினித் துறைத் தலைவர் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டு, "ஆண்டு நினைவுக்கு ஒரு அறிவிப்பு போட்டா மறுபடியும் ஏறும் மேடம்" என்று ஆறுதல் சொன்னார். அந்த மனிதரை என்ன திட்டுவது?

அந்த நாட்களில்தான் என் பக்கத்தில் ஒரு புதிய கருத்து வந்தது. ஷார்ஜாவிலிருந்து யாரோ. 'அப்பாவுக்க அறிவிப்பு பாத்து வந்தேன். சாளைக்க செவுள்ல பேன் உண்டும்னு போட்டிருக்கு. இத்தன நாளா தின்னுட்டேனே, வல்லதும் செய்யுமா?' இத்தனை வருடத்தில் என் ஆய்வைப் படித்துவிட்டு, என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. 'ஒன்றும் செய்யாது, செவுளைக் கழித்துவிட்டுத் தாராளமாகத் தின்னலாம்' என்று பதில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தும்விட்டேன்.

அடுத்த நாள் காலை திரைக்கு முன்னால் நின்றேன். என் படம் மேலே இல்லை. பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியர் வந்து நின்றார். பள்ளியாடிப் பக்கம் ஏதோ பெரிய கபடிப் போட்டி நடந்து முடிந்திருந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன்னை அறியாமல்தான் சொன்னார், பரிவாகவும் சொன்னார்.

"அப்பா ரெண்டாமதா இறங்கியாச்சே மேடம்."

நான் அவரைத் திருத்தவில்லை. நானும் அத்தனை நாளும் அப்பாவைத்தான் பார்க்க வந்துகொண்டிருந்தேன்.